எந்தத் திறப்பு எதைத் திறக்கும்? பிரவுசர் வொலட் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுசர் வொலட் எக்ஸ்டென்ஷனை வடிவமைத்து வெளியிடும் குழுவினருக்கு,

உங்கள் கடைசிப் பதிப்பை ஏற்றிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: கிரிப்டோ நாணயத்தை வாங்கவும் அனுப்பவும் பிரவுசருக்குள் சேர்க்கும் சின்னச் செயலிதான் இந்த வொலட், லெப்டொப் போனாலும் அதைத் திரும்பத் திறக்க உதவுவது 12 மீட்புச் சொற்கள். புது வொலட் திறக்கிறவர் மீட்புக்கான 12 சொற்களை எழுதி வைத்தாரா என்று சோதிக்கும் படியை நீங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள். முந்திய பதிப்பில் அந்தச் சோதனையைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. இப்போது "பிறகு நினைவூட்டு" என்ற பொருளில் ஒரு பட்டன், நீல நிறத்தில், கண்ணில் படும் இடத்தில் நிற்கிறது. எழுதி வைப்பதற்கான பட்டன் அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. இது யாரோ கவனமில்லாமல் செய்த வேலை என்று நான் நினைக்கவில்லை. பாதியில் விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி யாரோ கேட்டிருப்பார்கள், இன்னொருவர் சரி என்றிருப்பார். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அது இங்கே என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே குறை இந்தத் தொழிலில் மற்றவர்களிடமும் உண்டு. உங்களைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

களுவாஞ்சிக்குடியில், மட்டக்களப்பு–கல்முனை வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பின்னேரத்தில் ஒரு சின்ன வகுப்பும் நடக்கும். மண்டூரிலிருந்து பாதை என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வரும் பிள்ளைகள், தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறையிலிருந்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வரும் இளைஞர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். நான் கொயின் விற்பதில்லை, வாங்குவதில்லை, வாங்கு என்று யாருக்கும் சொன்னதுமில்லை. ஆனால் வொலட் திறக்கவில்லை என்று முகம் வெளிறிப்போய் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களை நான் பார்க்கிறேன். நீங்கள் அவர்களைப் பார்ப்பதில்லை.

அந்தத் திரைகளை வரையும்போது உங்கள் மனதில் எந்த மாதிரி ஆள் இருக்கிறார்? இங்கே அதை நிறுவுகிறவர் பெரும்பாலும் விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. லோகோ வரைகிறவர், வீடியோ வெட்டுகிறவர், வேறு நாட்டுக் கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறவர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது, டொலரில் கூலி தரும் வேலையைத் தேடி எங்கள் பிள்ளைகள் ஒன்லைனுக்குப் போனார்கள். வேலை கிடைத்தது. காசு வந்து சேரும் வழிதான் சிக்கலாக இருந்தது. பேபால் என்ற ஒன்லைன் சேவையில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்பது இங்கே நீண்டகாலத் தலையிடியாக இருந்தது. வங்கிக்கு நேரே அனுப்பச் சொன்னால் சின்னத் தொகையில் நல்லதொரு பங்கைக் கட்டணமே தின்றுவிடும். அப்போது வாடிக்கையாளர், டொலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயமான ஸ்டேபிள்கொயினைக் காட்டிச் சொல்வார்: "ஒரு வொலட் போட்டுக்கொள், ஸ்டேபிள்கொயினில் அனுப்புகிறேன்." அந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் உங்கள் முதல் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மெய்நிகர் நாணயத் தொழிலுக்கு எந்த நிறுவனத்துக்கும் தாங்கள் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. டெபிட், கிரெடிட் காட்டால் அதை வாங்கவும் அனுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை நியாயமானது, வகுப்பில் நானே வாசித்துக் காட்டுகிறேன். நடைமுறையில் அதன் விளைவு என்னவென்றால், காசு போனால் இவர்கள் போய் முறையிட ஓர் இடம் இல்லை. பயனருக்கும் இழப்புக்கும் நடுவில் இருப்பது உங்கள் திரை மட்டும்தான்.

சரி, அந்தத் திரைக்கு வருவோம். நிறுவியதும் இரண்டு பட்டன்: புது வொலட், ஏற்கெனவே இருக்கிற வொலட். புதியதை அழுத்தினால் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அப்புறம் 12 சொற்கள், மங்கலாக மூடியபடி. அப்புறம் கணக்கு. கணக்கு விபரத்துக்குள் போனால் பிரைவேட் கீ என்று இன்னொன்று. ஆக மூன்று இரகசியம். மூன்றைப் பற்றியும் "யாருக்கும் காட்டாதே, தொலைக்காதே" என்று ஒரே குரலில் சொல்கிறீர்கள். எது எதைத் திறக்கும், எது தொலைந்தால் எது மிச்சமிருக்கும் என்பதை ஓர் இடத்திலும் சொல்லவில்லை. போதாததற்கு அந்த 12 சொற்களுக்கே அமைப்புத் திரையில் ஒரு பெயர், உதவிப் பக்கத்தில் ஒரு பெயர், பிழைச் செய்தியில் வேறொரு பெயர்.

வகுப்பில் நான் பலகையில் எழுதுவது இவ்வளவுதான். பாஸ்வேர்ட், இந்த லெப்டொப்பில் இந்த பிரவுசருக்குள் இருக்கும் தரவைப் பூட்டுவதற்கு மட்டும். வேறு மெஷினில் அதற்கு வேலை இல்லை. மறந்துபோனால் 12 சொற்களைப் போட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்த 12 சொற்களிலிருந்துதான் முதல் கணக்கு, இரண்டாம் கணக்கு என்று எல்லாக் கணக்குகளின் பிரைவேட் கீயும் வரிசையாகப் பிறக்கும். ஒரு பிரைவேட் கீ ஒரேயொரு கணக்கை மட்டும் திறக்கும். பாஸ்வேர்ட் வீட்டுக் கதவின் பூட்டு என்றால் 12 சொற்கள் காணி உறுதி. இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போகாது. உங்களுக்கு ஒரு திரை போதும்.

அந்த ஒரு திரை இல்லாததால் நடந்ததைக் கேளுங்கள். வெல்லாவெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, புத்தக அட்டை வரைகிறவள், கைத்திறன் உள்ள பிள்ளை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக உங்கள் வொலட்டைப் போட்டாள். பாஸ்வேர்ட் வைத்தாள், கொப்பியில் எழுதினாள், வீட்டில் தகப்பனிடமும் சொல்லி வைத்தாள். அவ்வளவு பொறுப்பான பிள்ளை. அடுத்த திரையில் நீல பட்டன் இருந்தது, அதை அழுத்தினாள். சில மாதக் கூலி அதில் சேர்ந்தது. பிறகு லெப்டொப் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தாள். அவர்கள் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, போமட் அடித்து, வின்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. பிரவுசரின் புரோபைல் கோப்புறைக்குள், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உங்கள் எக்ஸ்டென்ஷன் தன் தரவை வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

"சேர், பாஸ்வேர்ட் என்னட்ட இருக்கு. சரியாத்தான் அடிக்கிறன். ஏன் எடுக்குதில்ல?"

கூகுள் கணக்கில் நுழைந்ததும் அவளுடைய புக்மார்க் எல்லாம் திரும்பி வந்தன. உங்கள் எக்ஸ்டென்ஷனும் தானாக வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்ததும் வந்திருக்கும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? வந்தது வெறும் எக்ஸ்டென்ஷன். உள்ளிருக்கும் தரவு அப்படி சிங்க் ஆகாது என்பதை எந்தத் திரையில் எழுதியிருக்கிறீர்கள்?

பழைய டிஸ்கிலிருந்து அந்தக் கோப்புறையை எடுக்க முடிந்திருந்தால் அவள் கையில் இருந்த பாஸ்வேர்டாலேயே திறந்திருக்கலாம். ஆனால் அது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க். போமட் அடித்த பின் அழிந்த பகுதிகளை அதுவே துடைத்துவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை. காசு இன்னும் அவளுடைய வொலட்டின் முகவரியில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அவளும் பார்க்கிறாள்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். மீட்புச் சொற்களைப் பாதுகாப்பது பயனரின் பொறுப்பு, எங்களால் எதையும் மீட்டுத் தர முடியாது என்று பதில் வந்தது. பின்பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். திறப்பு உங்களிடம் இல்லை, இருக்கவும் கூடாது. முன்பாதியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பயனரின் முதல் பொறுப்பு என்று நீங்களே சொல்லும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள் என்று தள்ளிப்போட வைத்தது உங்கள் திரைதானே?

இப்போது கூகுள் கணக்கோடு உள்ளே வரும் வழியையும் சேர்த்திருக்கிறீர்கள். 12 சொல்லோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு அது நல்லது என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த வழியிலும் ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறீர்கள். கூகுள் கணக்கும் அந்தப் பாஸ்வேர்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்கிறது உங்கள் உதவிப் பக்கம். மறந்தால் நீங்களும் மாற்றித் தர முடியாது. ஆக, ஒரு வழியில் பாஸ்வேர்ட் மறந்தால் கவலையில்லை. மற்ற வழியில் மறந்தால் எல்லாம் போச்சு. இரண்டு வழியிலும் அதே பெட்டி, அதே எழுத்து, அதே "குறைந்தது 8 எழுத்து" என்ற குறிப்பு. ஒரு வழியில் பழகியவர் தம்பிக்கு மற்ற வழியில் வொலட் போட்டுக் கொடுத்து, "பாஸ்வேர்ட் மறந்தாப் பறவாயில்லடா" என்று சொல்லிவிட்டுப் போவார். இதை வடிவமைத்தவர் யாரோ, அவர் ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து இதை ஒரு வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

சொற்களை ஒழுங்காக எழுதி வைத்தவர்களும் தப்பவில்லை. பெரிய திரையில் 12 சொற்களையும் மூன்று நிரலாகக் காட்டுகிறீர்கள். இலக்கங்கள் பொடியாக, மங்கலாக. உங்கள் வரிசை இடமிருந்து வலமாகப் போகிறது. பலர் மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள். சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு காக்காவின் (அண்ணனின்) கொப்பியில் 12 சொல்லும் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன, இலக்கம் மட்டும் இல்லை. போட்டால் "செல்லாது" என்று சிவப்பில் ஒரு வரி. சொல் பிழையா, வரிசை பிழையா, எத்தனையாவது சொல்லில் பிழை, ஒன்றும் கிடையாது. நிரலை நிரையாக மாற்றிப் போட்டதும் திறந்தது.

"செல்லாது" என்று வந்ததே அவருடைய நல்ல காலம்தான். ஏன் என்பது உங்களுக்குத் தெரியும், வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிஐபி 39 என்ற முறையில், 2048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றிலிருந்து இந்த 12 சொற்கள் வருகின்றன. ஒரு சொல்லுக்கு 11 பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1), மொத்தம் 132. அதில் 128 பிட் தற்செயலாகப் பிறந்த எண், மிச்ச 4 பிட் சரிபார்ப்புக்கு. 4 பிட் என்றால் 16இல் ஒன்று. அதாவது வரிசை மாறிப் போடும் 16 பேரில் சராசரியாக ஒருவருக்கு உங்கள் வொலட் "சரி" என்று சொல்லி, அவருடையதல்லாத வேறொரு வெறும் வொலட்டைத் திறந்து காட்டும். மீதி பூச்சியம். அந்த மனிதர் அந்த நிமிடத்தில் என்ன நினைப்பார்? களவு போய்விட்டது என்றுதான். 24 சொற்கள் என்றால் சரிபார்ப்பு 8 பிட், 256இல் ஒன்றாகக் குறையும். நீங்கள் தருவது 12.

எழுத்துப் பிழைக்கும் இதே கதி. வேர்ட் (word), வேர்க் (work), வேர்ல்ட் (world) மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆங்கிலம் அதிகம் புழங்காத கை அவசரத்தில் எழுதினால் எது எது என்று பிறகு அவருக்கே தெரியாது. பட்டியலைச் செய்தவர்கள் முதல் நான்கு எழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத சொல்லை யாராவது போட்டால் உடனே சுட்டிக்காட்டலாம், நெருக்கமான சொற்களை எடுத்துக் கொடுக்கலாம். சில வொலட்கள் அதைச் செய்கின்றன. உங்களுக்கு என்ன தடை?

அடுத்து தமிழ்ச் சொற்பட்டியல் வேண்டும் என்று கேட்பேன் என்று நினைக்காதீர்கள். ஜப்பானியம், கொரியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் என்று அந்த முறைக்குப் பல மொழிப் பட்டியல்கள் இருக்கின்றன, தமிழும் சிங்களமும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆங்கிலப் பட்டியலை மட்டும் ஏற்கும் வொலட்கள் நிறைய. வேறு மொழியில் 12 சொல் வைத்திருக்கிறவர், நாளைக்கு நீங்கள் கடையை மூடினால் அந்தச் சொற்களோடு வேறிடம் தேடி அலைய வேண்டிவரும். சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவற்றை வைத்து என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற விளக்கம்தான் அவர்களுக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும்.

பிரைவேட் கீயை வைத்து உள்ளே கொண்டுவந்த கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் முதலில் ஒரு கணக்கை 12 சொற்களோடு திறக்கிறார். பிறகு வேறொரு வொலட்டில் இருந்த கணக்கை அதன் பிரைவேட் கீயைப் போட்டு இதற்குள் சேர்க்கிறார். உங்கள் பட்டியலில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், பக்கத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் வேறு. புது லெப்டொப்பில் 12 சொற்களைப் போட்டால் முதலாவது திரும்பி வரும். இரண்டாவது வராது. அது அந்தச் சொற்களிலிருந்து பிறந்ததே இல்லை. சம்மாந்துறைத் தம்பி ஒருவனுக்கு இதுதான் நடந்தது. பதறிப்போய் டெலிகிராமில் உதவி கேட்டான். உங்கள் லோகோவைப் படமாக வைத்திருந்த ஒருவர் உடனே வந்து, "சரிபார்க்க வேண்டும், 12 சொற்களையும் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினான். முதலாவது கணக்கில் இருந்ததும் அன்றைக்கே போய்விட்டது. களவெடுத்தவன் நீங்கள் இல்லை. ஆனால் "சேர்த்த கணக்குகள் இந்தச் சொற்களோடு வராது, அவற்றின் பிரைவேட் கீயைத் தனியாகப் போடுங்கள்" என்று அந்த இடத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அவன் டெலிகிராம் பக்கம் போயிருக்க மாட்டான்.

முகவரியும் பிரைவேட் கீயும் ஒரே மெனுவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் மாற்றுங்கள். ஒன்று 40 எழுத்துக்கு மேல், மற்றது 60க்கு மேல். எல்லாம் இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த நீள வால்கள். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். "எங்கே அனுப்ப வேண்டும், சொல்" என்று கேட்ட வாடிக்கையாளருக்கு ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் பிரைவேட் கீயைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிவிட்டான். அனுப்பும் பட்டனை அழுத்த முன் பக்கத்தில் இருந்தவர் கண்டுவிட்டார்.

இனி அந்தத் தாள். தாளில் எழுதி வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள் என்கிறது உங்கள் ஆலோசனை. வங்கிப் பெட்டகம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நிலம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிர் தப்பியவர்களிலும் கணக்கற்ற பேர் காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவற்றை அலைந்து திரிந்தாவது மறுபடி எடுக்கலாம், பதிவாளர் கந்தோரில் பிரதி இருக்கும். 12 சொற்களுக்குப் பதிவாளர் இல்லை. நவம்பரிலிருந்து தை வரைக்கும் மாரி மழை, வெள்ளம். 2024 நவம்பர் வெள்ளம் இந்தக் கரை முழுக்க மறக்க முடியாதது. போல்பொயின்ட் மை ஈரத்தில் ஊறும், தாள் ஒட்டிக்கொள்ளும். இங்கே முக்கியமான தாளை பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைப்பது வழக்கம், அது நல்ல வழக்கம். இரண்டு பிரதி, இரண்டு வீடு, நீர் புகாத உறை என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். எல்லாரும் நியூயோர்க்கில் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் எழுதியதுபோல இருக்கிறது.

தாள் வேண்டாம் என்று நினைக்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? உங்கள் திரையிலேயே சொற்களுக்குக் கீழே "கொப்பி" பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி வேர்ட் ஃபைலில் ஒட்டுகிறார். பிரின்ட் எடுக்க வீட்டில் பிரின்டர் இல்லை, அதனால் சந்தியில் பிரின்ட் எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புகிறார். அந்தக் கடை மெஷினில் ஊரார் அனுப்பிய அத்தனை ஃபைலும் கிடக்கும். இன்னொருவர் போனால் படம் எடுக்கிறார். அது தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும். 2025 பெப்ரவரியில், போனில் உள்ள படங்களுக்குள் இருக்கும் எழுத்தை வாசித்து மீட்புச் சொற்களைத் திருடும் செயலிகளை உத்தியோகபூர்வச் செயலிக் கடைகளிலேயே கண்டதாக கஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொற்களுக்குக் கீழே "கொப்பி" பட்டனை வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். தன் காசுக்குத் தானே காவல் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை, அதற்கு விலை இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டை நீங்கள் மாற்றித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, போன காசையும் கேட்கவில்லை. காவல் என் வேலை என்றால் எதைக் காவல் காக்க வேண்டும் என்று காசு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். விபரம் தெரியாத நேரத்தில் வேகமாக உள்ளே இழுத்துவிட்டு, இழந்த பிறகு விபரம் சொல்வது நேர்மையான கொடுக்கல் வாங்கல் இல்லை.

ஆகவே கேட்கிறேன்.

எழுதி வைத்ததைச் சோதிக்கும் படியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சுற்றிப் பார்க்க விரும்புகிறவர் அதைச் செய்யாமலே பார்க்கட்டும், ஆட்சேபனை இல்லை. ஆனால் காசு வாங்கும் முகவரியை, அந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் காட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரேயொரு திரை: பாஸ்வேர்ட், 12 சொற்கள், பிரைவேட் கீ, எது எதைத் திறக்கும், எது தொலைந்தால் என்ன ஆகும். தமிழிலும் சிங்களத்திலும். போமட் அடித்தால், பிரவுசரை அழித்தால், எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பாஸ்வேர்டால் பயனில்லை என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் நான் செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

கூகுள் வழியில் கேட்கும் பாஸ்வேர்ட் பெட்டியை வேறு நிறத்தில், வேறு தலைப்பில் வையுங்கள். மறந்தால் மீட்க முடியாது என்பதைப் பெட்டிக்கு மேலே எழுதுங்கள், உதவிப் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

மீட்கும் திரையில் எந்தச் சொல் பட்டியலில் இல்லை என்று காட்டுங்கள். சொற்கள் செல்லுபடியாகி, ஆனால் அந்தக் கணக்குகளில் எந்தப் பரிமாற்றமும் நடந்ததில்லை என்றால், "வரிசை மாறியிருக்கலாம், தனியாகச் சேர்த்த கணக்குகள் இதில் வராது, யாரிடமும் சொற்களைக் கொடுக்காதீர்கள்" என்று அங்கேயே சொல்லுங்கள். பூச்சியத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்காதீர்கள். சொற்களைக் காட்டும் திரையில் இலக்கங்களைப் பெரிதாக்கி, ஒரே நிரலாக்குங்கள், "கொப்பி" பட்டனை எடுத்துவிடுங்கள். பிரைவேட் கீயை முகவரி இருக்கும் மெனுவிலிருந்து வெளியே கொண்டுபோங்கள்.

எக்ஸ்டென்ஷனை ஒருவர் நீக்குவதை உங்களால் தடுக்க முடியாது, பிரவுசர் அதற்கு விடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுதி வைக்காத வொலட்டில் காசு இருந்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதைச் சொல்ல முடியும். மூடிவிட முடியாத பட்டையாக, மேலே.

கடைசியாக எங்களைப் போன்ற திருத்துகிறவர்களுக்காக ஒரு பக்கம் வெளியிடுங்கள். வின்டோஸில் எந்தக் கோப்புறையில் உங்கள் தரவு இருக்கிறது, போமட் அடிக்க முன் எதைப் பிரதி எடுக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்று. அதை அச்சடித்து இந்த வீதியில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முதலில் கேட்ட இரண்டுக்கும், அதாவது சோதிக்கும் படிக்கும் அந்த ஒரு திரைக்கும், புதிய கணிதமும் தேவையில்லை, எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த பதிப்பில் அவற்றைச் செய்வீர்களா இல்லையா என்று வெளிப்படையாக எழுதுங்கள். செய்ய மாட்டீர்கள் என்றால் காரணத்தையும் எழுதுங்கள். உதவிப் பிரிவின் அச்சுப் பதில் வேண்டாம், அந்த நீல பட்டனுக்குச் சரி சொன்னவரே எழுதட்டும். வகுப்பில் வாசித்துக் காட்ட எனக்கு அது தேவை.

இப்படிக்கு,
கொம்பியூட்டர் திருத்துகிறவர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி